6 கைத்துப்பாக்கி, 14 மாதம், ஒரு நோட்டுப் புத்தகம்

3ஆம் எண் துப்பாக்கியை விற்க வேண்டாம் என்று போன வெள்ளிக்கிழமை கிளப் கமிட்டி முடிவெடுத்துவிட்டது. 14 மாதத்துக்கு முன் இதே கமிட்டி, இதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, “அந்தச் சண்டி மாட்டைத் தள்ளிவிட்டு வேறு பிராண்டு வாங்கிவிடலாம்” என்று பேசிக்கொண்டிருந்தது. இடையில் என்ன நடந்தது என்பதை நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வரிசையாக எழுதுகிறேன். நான் தப்பாகப் போன இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். அவைதான் அதிகம் கற்றுக்கொடுத்தன.

நான் இருப்பது மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கம். அப்பா அம்மா பால் மரம் (ரப்பர்) வெட்டிய தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. ராணுவத்தில் 21 வருஷம் இருந்தேன், பெரும்பகுதி ஆயுதக் கிடங்கில். அங்கே கை பழகியது பிரௌனிங் ஹை-பவர் என்ற கைத்துப்பாக்கியில். ஓய்வு பெற்ற பிறகு செம்பனை எண்ணெய் ஆலையின் பட்டறையில் ஃபிட்டர் வேலை. சனிக்கிழமைகளில் முக்கால் மணி நேரம் காரோட்டி, நான் உறுப்பினராக இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய் அங்கிருக்கும் கைத்துப்பாக்கிகளைத் துடைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டு துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டமும் எப்படிப்பட்டவை என்று நம் எல்லோருக்கும் தெரியும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 14 வருஷம் வரை சிறை, 6க்குக் குறையாத பிரம்படி. ஆகவே கீழே வரும் வேலைகளில் ஒன்றுகூட வீட்டு மேசையில் நடந்ததில்லை. எல்லாம் கிளப்பின் பூட்டிய அறையில், ரேஞ்ச் அதிகாரி பக்கத்தில் நிற்க நடந்தது. பாகங்கள் வந்தது லைசென்ஸ் உள்ள வியாபாரி மூலம்.

கிளப்பில் இருப்பவை 6 கைத்துப்பாக்கிகள். எல்லாம் 9 மில்லிமீட்டர், ஐந்து வெவ்வேறு கம்பெனிகள். 3ஆம் எண்ணும் 5ஆம் எண்ணும் மட்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். எங்கள் கையில் வந்த கோளாறுகளுக்குக் கம்பெனிப் பெயர் போட மாட்டேன். எங்கள் பராமரிப்பில் எங்களிடம் பழுதானதைக் கம்பெனியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. எண்ணை மட்டும் சொல்கிறேன்.

கிளப்பில் கோப்பி குடிக்க உட்கார்ந்தால் பேச்சு எப்போதும் பிராண்டில்தான் போய் நிற்கும். ஒருவர் குளோக் என்பார், இன்னொருவர் பெரெட்டா என்பார், மூன்றாமவர் கோல்ட் 1911 மாதிரி இனி வராது என்பார். அவரவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவச் சோதனையில் ஜான் பிரௌனிங் வடிவமைத்த அந்தக் கோல்ட் துப்பாக்கி 6,000 தோட்டாக்களைத் தடங்கலே இல்லாமல் சுட்டது. சூடேறியபோது தண்ணீரில் முக்கியெடுத்துத் தொடர்ந்து சுட்டார்கள். ஆஸ்திரிய ராணுவம் 1980களின் தொடக்கத்தில் கேட்டது, முதல் 10,000 தோட்டாவில் 20 தடங்கலுக்கு மேல் கூடாது என்று. அந்தப் போட்டியில் வந்ததுதான் குளோக் 17.

ஆனால் அதே புகழ்பெற்ற பெயர்களுக்கு மறுபக்கமும் உண்டு. 1985இல் அமெரிக்க ராணுவம் எடுத்த பெரெட்டா 92இல் 1987, 88 வாக்கில் ஸ்லைடு (குழலுக்கு மேலே முன்னும் பின்னும் ஓடும் எஃகுப் பாகம்) உடைந்து சுடுபவர் முகத்தில் பட்ட சம்பவங்கள் நடந்தன. காரணம் உலோகமா, அழுத்தம் கூடிய தோட்டாவா என்று பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் உடைந்தாலும் ஸ்லைடு பின்னால் பறந்து வராதபடி ஹேமர் பின்னின் (தட்டும் சுத்தியலைத் தாங்கும் ஆணியின்) தலையைப் பெரிதாக்கினார்கள். குளோக் 2011இல் நான்காம் தலைமுறைத் துப்பாக்கிகளின் ரீகாயில் ஸ்பிரிங்கை (சுட்டதும் பின்னால் போன ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளுவது) இலவசமாக மாற்றிக்கொடுத்தது. சிக் சாவர் பி320, அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த அதே 2017இல், கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற பிரச்சினைக்காக மாற்றியமைக்கப்பட்டது. எனவே பெயரைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கமிட்டியிடம் ஒரு வருஷம் அவகாசம் கேட்டேன்.

முதல் இரண்டு மாதம் வீணாகப் போனது. பசார் மாலாமில் (இரவுச் சந்தை) 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசுக்கு ஒரு நீள நோட்டு வாங்கி, தேதி, துப்பாக்கி எண், சுட்டது எத்தனை, தடங்கலாகி நின்றது எத்தனை என்று நான்கு கட்டம் போட்டேன். தோட்டாவைப் பொறுத்தவரை கிளப்பில் வாங்கியது, சுட்டது, மீதி என்று பதிவேடு ஏற்கெனவே உண்டு. அதோடு என் கணக்கு ஒத்துப்போனதால் எண்ணிக்கையில் பிழை இல்லை. 2,900 ரவுண்டு (தோட்டா) ஓடியபிறகு உட்கார்ந்து பார்த்தால், 3ஆம் எண் மோசம் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அது எனக்கு நோட்டு போடுவதற்கு முன்பே தெரியும். எந்த மேகசின் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடு), மேகசினில் எத்தனையாவது தோட்டா, எந்தப் பெட்டித் தோட்டா, கடைசியாக எப்போது துடைத்தது, சுட்டவர் புதியவரா பழையவரா, எதையுமே எழுதியிருக்கவில்லை. அந்தப் பக்கங்களின் மேல் கோடு போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன்.

இரண்டாவது நோட்டில் 9 கட்டம். மேகசின்களுக்கு அடையாளம் வேண்டுமே? மார்க்கர் பேனா மை, துடைக்கும் திரவம் பட்டதும் அழிந்துபோனது. மகளிடம் கேட்டு வெள்ளை நகப்பூச்சு வாங்கினேன், 5 வெள்ளி 90 காசு. அடித்தட்டைச் சுத்தமாகத் துடைத்து 3-ஏ, 3-பி, 3-சி என்று எழுதி ஓர் இரவு காயவிட்டேன். 12 மாதம் கழித்தும் அந்த எழுத்து அப்படியே இருக்கிறது. இந்த முழு வேலையிலும் மலிவான, மிகப் பயன்பட்ட செலவு அதுதான்.

அடுத்த வாரங்களில் 3ஆம் எண் தன் பெயரைக் காப்பாற்றியது. 1,850 ரவுண்டில் 22 தடங்கல். பெரும்பாலும் ஒரே மாதிரி. தோட்டா மேலே ஏறி வராமல் ஸ்லைடு வெறுமனே மூடிக்கொள்ளும், இல்லையென்றால் தோட்டா கோணிக்கொண்டு குழலின் வாயில் முட்டி நிற்கும். நான் செய்த முதல் காரியம் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றியது. எத்தனை ரவுண்டுக்கு முன் கடைசியாக மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பொதுவாக 3,000 முதல் 5,000 ரவுண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. புது ஸ்பிரிங் 48 வெள்ளி, வந்து சேர 11 நாள். அடுத்த 300 ரவுண்டில் 4 தடங்கல். பிறகு எக்ஸ்ட்ராக்டரை (சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்து எடுக்கும் கொக்கி) கழற்றிச் சுத்தம் செய்து அதன் ஸ்பிரிங்கையும் மாற்றினேன். மேலும் 26 வெள்ளி. எந்த மாற்றமும் இல்லை. அன்றைக்குத் தோட்டா ஏறும் சரிவை மெருகேற்றலாமா என்றுகூடக் கையில் நைஸ் பேப்பரை எடுத்துவிட்டேன். ராணுவத்தில் என்னைப் பழக்கிய சார்ஜன் சொல்வார், “சுரண்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது” என்று. அந்தக் குரல் கேட்டதால் பேப்பரைக் கீழே வைத்தேன்.

அன்று என்னோடு வந்திருந்த அக்கா மகன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவனும் கிளப் உறுப்பினர்தான், சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை.

“மாமா, 22ல 17 தடவ 3-பி, 3-சி தான் வந்திருக்கு. 3-ஏ அவ்வளவா இல்லயே?”

“அதான் அந்தத் துப்பாக்கி சரியில்லன்னு...”

“துப்பாக்கி சரியில்லன்னா 3-ஏ மட்டும் எப்படி ஒழுங்கா ஓடுது? இந்த ரெண்டையும் எடுத்து 5ல போட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே மாடல்தானே.”

அடுத்த சனிக்கிழமை அதைத்தான் செய்தோம். 5ஆம் எண் அதுவரை கிளப்பின் செல்லப்பிள்ளை. 3-பியைப் போட்டு மூன்று முறை நிரப்பிச் சுட்டதில் இரண்டு தடங்கல். 5-ஏயை 3ஆம் எண்ணில் போட்டால் சுத்தமாக ஓடியது. கோளாறு மேகசினோடு இடம் மாறியது. ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கி இருப்பதன் அருமை எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது. 74 வெள்ளியும் ஐந்து வாரமும் நான் தவறான இடத்தில் செலவழித்திருக்கிறேன்.

3-பியைப் பிரித்த பொழுது நன்றாக நினைவிருக்கிறது. அடித்தட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நகர்த்த வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் முகத்துக்குப் பாய்ந்துவிடும். ஆனால் இதில் ஸ்பிரிங் பாயவே இல்லை, சோம்பலாக வெளியே நகர்ந்து வந்தது. பின்னாலேயே ஒரு சிட்டிகை மணல் காகிதத்தில் கொட்டியது. உள்சுவரில் கறுப்பாக ஒரு பசை, நகத்தால் சுரண்டினால் வழித்துக்கொண்டு வந்தது. யாரோ நல்ல எண்ணத்தில் மேகசின் உள்ளே எண்ணெய் விட்டிருக்கிறார்கள். ரேஞ்சில் மேகசின் மாற்றும்போது எல்லோரும் தரையில்தான் விட்டுவிடுவார்கள். தரை மணல், உள்ளே எண்ணெய், அதோடு எரிந்த மருந்தின் கரி. மூன்றும் சேர்ந்து அரைத்த மசாலா மாதிரி ஆகியிருந்தது.

ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் வைத்தால் 21 மில்லிமீட்டர் குட்டை. நீளம் மட்டும் பார்த்தால் போதாது என்று ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். 10 கிலோ வரை காட்டும் சமையல் தராசு (29 வெள்ளி) மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, நடுவில் ஒரு கம்பியை விட்டு, மேலிருந்து ஒரு மரக்கட்டையால் குறிப்பிட்ட உயரம் வரை அமுக்கி எடையைப் படித்தேன். புதியது 1.9 கிலோ. 3-ஏ 1.7. 3-பி 1.1 தான். மேலே தோட்டாவைப் பிடிக்கும் உதடுகளை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். நல்ல மேகசின்கள் ஒன்றுக்கொன்று 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தன. 3-சியில் பின்பக்கம் 0.5 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. சிமென்டில் விழுந்த காயம் ஓரத்தில் கண்ணுக்கே தெரிந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. “எத்தனையாவது தோட்டா” என்ற கட்டத்தைப் பார்த்தால் 3-பியின் தடங்கல்கள் கடைசி மூன்று நான்கு தோட்டாக்களில்தான் இருந்தன. ஸ்பிரிங் விரிய விரியத்தானே அதன் உந்தல் குறையும்? கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்காமல் மூடிக்கொண்டதும் அதனால்தான். இந்த அறிகுறியைக் கிளப்பில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், “கட்டை விரல் பட்டிருக்கும்” என்று சொல்லிக் கடந்துபோயிருக்கிறோம்.

3-பிக்குப் புது ஸ்பிரிங், 22 வெள்ளி. 3-சியின் உதட்டை நெளித்துச் சரிசெய்ய முயன்றேன், ஒரு வாரம் நன்றாக இருந்து மீண்டும் விரிந்தது. அதைச் சம்மட்டியால் தட்டி நசுக்கிக் குப்பையில் போட்டேன். நசுக்காமல் போட்டால் யாராவது எடுத்து மறுபடி பையில் வைத்துவிடுவார்கள். எல்லா மேகசினையும் பிரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றழுத்தக் குழாயால் ஊதி, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாமல் பூட்டினேன். ஈராக்கில் அமெரிக்க வீரர்கள் பெரெட்டாவைத் திட்டித் தீர்த்தார்களே, அங்கேயும் பெரும் பங்கு தனி ஒப்பந்தத்தில் வாங்கிய மேகசின்களுடையது. அவற்றின் சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சில் நுண்மணல் ஒட்டிக்கொண்டு தோட்டா மேலே ஏற மறுத்தது. கெட்ட பெயர் என்னவோ துப்பாக்கிக்கு.

அடுத்த பாடம் துருவில். இங்கே தப்பு முழுக்க என்னுடையது.

ஜெராய் மலையில் மேகம் இறங்கினால் எங்கள் பக்கம் துணி காயாது. இரும்பு எப்படி நிற்கும்? 1ஆம் எண் பழைய காலத்து நீலம் ஏற்றிய எஃகு. சனிக்கிழமை தொட்ட கைரேகை அடுத்த சனிக்கிழமை செம்பழுப்பாக ஸ்லைடில் தெரியும். ஆயுத அறை ஈரமாக இருக்கிறது என்று நினைத்து ஏர்கோனை 20 டிகிரிக்கு வைக்கச் சொன்னேன். ஒரு மாதத்தில் துரு கூடியது. 1ஆம் எண்ணில் மட்டும் வந்துகொண்டிருந்தது இப்போது 4ஆம் எண்ணின் பின்களிலும் வந்தது. கெட்டியான பூச்சுள்ள பாலிமர் சட்டத் துப்பாக்கிகளின் ஸ்லைடுகூடத் தாங்கியது, அவற்றின் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன எஃகுப் பாகங்கள் தாங்கவில்லை.

காரணத்தைக் கண்டது மேசையில் இருந்த தே ஓ ஐஸ் கிளாஸைப் பார்த்துத்தான். கிளாஸின் வெளிப்பக்கம் வேர்த்து வழிகிறது. பக்கத்தில் அப்போதுதான் அறையிலிருந்து எடுத்து வைத்த 1ஆம் எண்ணின் ஸ்லைடும் மங்கலாக வேர்த்திருந்தது. விரலால் கோடு போட்டால் கோடு நின்றது. 20 டிகிரிக்குக் குளிர்ந்த எஃகை நம் ஊர்க் காற்றில் வைத்தால் காற்றின் ஈரம் அதன்மேல்தான் படியும். துப்பாக்கியை வாராவாரம் நானே நனைத்துக்கொண்டிருந்தேன். ஏர்கோனை 26க்கு ஏற்றினோம், ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று 430 வெள்ளிக்கு வாங்கி அறையின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தோம், சுடப் போகும் நாளில் பெட்டியைத் திறக்காமலே 40 நிமிடம் வெளியே வைத்திருக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு 1ஆம் எண்ணில்கூடப் புதுத் துரு இல்லை.

எண்ணெய்க்கும் ஒரு சோதனை வைத்தேன். ஒரே பெட்டியிலிருந்து 20 ஆணி எடுத்து, தின்னரில் கழுவி, நான்கு நான்காகப் பிரித்தேன். ஒரு பிரிவுக்கு எதுவும் தடவவில்லை. மற்றவற்றுக்குத் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், ஆலையில் கிடைக்கும் 15-40 இன்ஜின் எண்ணெய், துப்பாக்கி எண்ணெய். பாதியை வீட்டுத் தகரக் கொட்டகையிலும் பாதியை ஆயுத அறையிலும் 30 நாள் தொங்கவிட்டேன். ஏர்கோனை ஏற்றுவதற்கு முந்தைய மாதம் அது. கொட்டகையில் வெறும் ஆணி நான்காம் நாளே சிவந்தது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு வாரம் தாங்கியது. இன்ஜின் எண்ணெயும் துப்பாக்கி எண்ணெயும் கடைசி வரை தாங்கின, என் கண்ணுக்கு இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லை.

தேங்காய் எண்ணெய் கொட்டகையில் மோசமில்லை. அம்மா பால் வெட்டும் கத்தியை அதில்தான் துடைத்து வைப்பார், அந்தக் கத்தி இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது. ஆனால் ஆயுத அறையில் தொங்கிய ஆணியில் அது வெள்ளை மெழுகாக உறைந்திருந்தது. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் கட்டிதானே? அதைப் பார்த்ததும் நோட்டைத் திருப்பினேன். இரண்டு மாதத்துக்கு முன் 6ஆம் எண்ணில் ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்புறத்தைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) மெதுவாக மட்டும் தட்டி, தோட்டா வெடிக்காமல் நான்கு முறை நின்றிருந்தது. காலை முதல் ஐந்து நிமிடத்தில் மட்டும், பிறகு தானாகச் சரியாகிவிட்டது. நான் அதைத் தோட்டாவின் குற்றம் என்று எழுதியிருந்தேன். விசாரித்தால், பெரியவர் ஒருவர் ஃபயரிங் பின் துளைக்குள் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். குளிரில் உறைந்து, வெயிலில் உருகியிருக்கிறது. அந்தத் துளைக்குள் எந்த எண்ணெயும் போகக் கூடாது என்று இப்போது சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பெரியவரிடம் மரியாதையாக எடுத்துச் சொன்னேன், கோபித்துக்கொள்ளவில்லை.

உழைப்பைப் பற்றிச் சொல்ல 12 மாதம் போதாது. இருந்தாலும் பார்த்ததைச் சொல்கிறேன். ஆலையில் வெல்டிங் வெடிப்பைக் கண்டுபிடிக்கச் சிவப்புச் சாயமும் வெள்ளைத் தூளும் அடிப்போம். சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் விட்டு, துடைத்து, தூளை அடித்தால் வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பும். இரண்டு டப்பாவும் சேர்த்து 70 வெள்ளி. எல்லாவற்றிலும் பழையதான 2ஆம் எண்ணின் லாக்கிங் பிளாக்கில் (சுடும்போது குழலையும் ஸ்லைடையும் சேர்த்துப் பூட்டும் கட்டை) அடித்தபோது மூலையில் மயிரிழை போல் ஒரு கோடு வந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது, அன்றே அந்தத் துப்பாக்கியை நிறுத்தினேன். மறுவாரம் இன்னும் நன்றாகக் கழுவி மறுபடி செய்தால் கோடு இல்லை. கடைசலின்போது விழுந்த பள்ளத்தில் தங்கியிருந்த சாயம்தான் அது. ஆனாலும் அந்த வகை லாக்கிங் பிளாக் ஆயுள் குறிப்பிட்டு மாற்ற வேண்டிய பாகம். புதியது ஒன்றைச் சொல்லிவைத்திருக்கிறேன்.

துப்பாக்கியே உடைந்து நின்றது 12 மாதத்தில் மூன்றே முறை. ஒன்று, முன் குறி தளர்ந்து கழன்றது. இரண்டு, ஸ்லைடு ஸ்டாப்பின் (ஸ்லைடைத் திறந்து நிறுத்தும் நெம்பு) சின்ன ஸ்பிரிங் ஒடிந்தது. மூன்று, 1ஆம் எண்ணின் எக்ஸ்ட்ராக்டர் நுனி பெயர்ந்தது. மூன்றாவது எங்கள் பழக்கத்தால் வந்தது. சிலர் மேகசின் இல்லாமல் ஒரு தோட்டாவை நேராகக் குழலில் போட்டு ஸ்லைடை விட்டுவிடுவார்கள். அந்த மாதிரி வடிவத்தில் தோட்டாவின் விளிம்பு கீழிருந்து நழுவி எக்ஸ்ட்ராக்டருக்குள் ஏற வேண்டும். நேராகப் போட்டால் நுனி விளிம்பின் மேல் இடித்துத் தாண்டுகிறது. சிஇசட் 75 கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பையில் கூடுதலாக ஒரு ஸ்லைடு ஸ்டாப் வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் முதலில் களைக்கும் பாகம் ஒன்று உண்டு, அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது பிராண்டுச் சண்டையைவிடப் பயன்.

கணக்கு இதுதான். இரண்டாவது நோட்டில் 12 மாதத்தில் 18,400 ரவுண்டு, 71 தடங்கல். மேகசினால் 38, தோட்டாவால் 14, அழுக்கு எண்ணெய்க் கோளாறால் 9, சுட்டவர் பிடியால் 7, துப்பாக்கியால் 3. முதல் ஏழு மாதம் 10,500 ரவுண்டுக்கு 62 நின்றது. மேகசினையும் அறையையும் சரிசெய்தபின் ஐந்து மாதம் 7,900 ரவுண்டுக்கு 9 தான். 3ஆம் எண் மட்டும் எடுத்தால் கடைசி 1,600 ரவுண்டில் ஒன்று.

புதுத் துப்பாக்கி வாங்கி 200 தோட்டா சுட்டு, “ஒரு தடங்கல் இல்லை, நம்பலாம்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தடங்கலே வராதபோது 3 என்ற எண்ணை, சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 200 என்றால் 100க்கு ஒன்றரைத் தடங்கல் வரை இன்னும் ஒளிந்திருக்க இடமுண்டு. 3-பி போட்ட 3ஆம் எண் ஏறக்குறைய அந்த அளவில்தான் நின்றது, அதைத்தான் நாங்கள் சண்டி மாடு என்றோம். நான் கேட்பது ஒரே மேகசின் தொகுதியோடு, ஒரே வகைத் தோட்டாவோடு 1,000 ரவுண்டு.

மறுபடி செய்வதாக இருந்தால் முதல் நாளே எல்லா மேகசினின் உதட்டையும் ஸ்பிரிங்கையும் அளந்து எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன். தோட்டாப் பெட்டியின் தொகுதி எண்ணைக் கட்டாயம் எழுதுவேன். தோட்டாவால் என்று எழுதிய 14இல் எத்தனை ஒரே தொகுதி என்பது இப்போது என்னிடம் இல்லை. நீளத்தையும் வெர்னியரில் பார்ப்பேன், 9 மில்லிமீட்டர் தோட்டாவின் நீளம் 29.69 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேகசின் விழும் இடத்தில் ஆலையின் பழைய கன்வேயர் ரப்பர் விரிப்பைப் போடச் சொல்லியிருக்கிறேன், அடுத்த லாரி வரும்போது ஒரு துண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் செயலாளர் கேட்டார், “சரிங்க, இரண்டு புதுசு வாங்கணும். எந்த பிராண்டு?” 3ஆம் எண், 5ஆம் எண் என்ன மாடலோ அதையே கேட்டேன். இனி நான்கு துப்பாக்கிக்கு ஒரே மேகசின், ஒரே ஸ்பிரிங், ஒன்றில் கோளாறு வந்தால் இன்னொன்றில் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். வியாபாரி பாகங்களை இரண்டு வாரத்துக்குள் கொண்டுவருகிறார். துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுத்து 12 மேகசினும் 6 ரீகாயில் ஸ்பிரிங்கும் சேர்த்து எழுதச் சொன்னேன், எழுதினார்கள். நகப்பூச்சு தீர்ந்துவிட்டது. மகள் இந்த முறை சிவப்பு வாங்கி வைத்திருக்கிறாள்.